கல்லூரிச் சங்கங்களும் தலைமைப் பயிற்சியும்

கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பெற்றோர் கூறும் அறிவுரைகளுள் தவறாமல் இடம்பெறுவது ஒன்றுண்டு. "படிப்பை மட்டும் பார், சங்கம், மன்றம், தேர்தல் என்று அலையாதே" என்பதே அது. நம் சமூகத்துக் குடும்பங்களில் இவ்வறிவுரை சற்று அழுத்தமாகவே கூறப்படுகிறது. காரணம் இல்லாமல் இல்லை. நம்முள் பெரும்பாலோர் வந்தவாசி, செய்யாறு, போளூர், ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளிலுள்ள சிற்றூர்களில் வேளாண்மையை நம்பி வாழ்ந்த குடும்பத்தினர். நிலத்தின் வருவாயைக் கொண்டு பிள்ளையை நகரத்திற்கு அனுப்பிப் படிக்கவைக்கும் தந்தைக்கு, அப்பிள்ளை தேர்வில் தவறினால் ஓராண்டு உழைப்புப் போயிற்று என்பது கண்முன் தெரியும் இழப்பு. சங்கத்தில் சேராமையால் வரும் இழப்போ உடனே தெரிவதில்லை. இருபது ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

அஃது எவ்வாறு தெரியும்? நம் ஊர்களில் ஜினாலயம் உள்ளது. அதற்குச் சிறிதளவேனும் நிலம் உள்ளது, குத்தகை உள்ளது, பூசை, திருவிழா, திருப்பணி ஆகியன உள்ளன. இவற்றையெல்லாம் நடத்தும் குழுவில் இன்று அமர்ந்திருப்போர் பெரும்பாலும் முதியோர். படித்த இளைஞர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரிகின்றனர். திருவிழாவிற்கு வந்து, இரண்டு நாள் தங்கிச் செல்கின்றனர். பெரியவர் ஒருவர், "தம்பி, இனி நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்" என்று கணக்குப் புத்தகத்தை நீட்டினால், பொறியியலும் வணிகவியலும் பயின்ற அத்தம்பிக்கு, கூட்டம் ஒன்றை எப்படிக் கூட்டுவது, தீர்மானத்தை எப்படி எழுதுவது, மாறுபட்ட கருத்துடைய மாமாவிடம் சினம் கொள்ளாமல் எப்படிப் பேசுவது என்பது தெரிவதில்லை. இவற்றை எந்தப் பாடநூலும் அவருக்குக் கற்பிக்கவில்லை. கற்கக்கூடிய இடம் ஒன்று இருந்தது. அது கல்லூரியின் மாணவர் சங்கம்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலுள்ள சமணர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து குடியேறிய சகோதரர்களும் இதனுள் அடங்குவர். ஆகவே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நம் தொகை இன்னும் குறைவு. பெரிய சமூகத்தில் நூற்றுக்கு ஒருவர் பொதுப்பொறுப்பை ஏற்றால் போதும். ஏனையோர் தத்தம் பணியைப் பார்க்கலாம். சிறிய சமூகத்தில் அவ்வாறு இயலாது. வீட்டுக்கு ஒருவரேனும் என்றாவது ஒருநாள் ஒரு குழுவில் அமர்ந்தே தீரவேண்டும். எனவே நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை தலைமைப் பயிற்சி என்பது முன்னேற விரும்புவோர்க்கு மட்டும் உரிய அணிகலன் அன்று. அடுத்த தலைமுறையில் நம் கோயிலின் கதவைத் திறப்பதற்குரிய ஏற்பாடு என்றே அதனைக் கொள்ளவேண்டும்.

எச்சங்கத்தில் சேர்வது?

கல்லூரிகளில் அமைப்புகள் பல. தமிழ் மன்றம், துறைதோறும் உள்ள சங்கங்கள், நுண்கலை மன்றம், தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், ரோட்டராக்ட் என்று பட்டியல் நீளும். இவற்றுள் பெயர் பெரிதாக உள்ளதை நாடுவதே முதலாண்டு மாணவர் இயல்பு. நாம் கூறுவது இதற்கு நேர்மாறானது. உறுப்பினர் முப்பது நாற்பது பேர் உள்ள சிறிய சங்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரிய பேரவையில் முதலாண்டு மாணவர் கைதட்டுவதற்கே பயன்படுவார். சிறிய துறைச் சங்கத்திலோ அழைப்பிதழ் அச்சிடுவது முதல் விருந்தினரைப் பேருந்து நிலையத்திற்குச் சென்று அழைத்துவருவது வரை அனைத்தும் அவர் தலையில் விழும். பயிற்சி என்பது அங்கேதான் கிடைக்கிறது.

நாட்டு நலப்பணித் திட்டத்தை நாம் தனியே பரிந்துரைப்போம். காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு இது தொடங்கப்பெற்றது. இரண்டாண்டில் 240 மணி நேரப் பணியும், சிற்றூர் ஒன்றில் ஏழு நாள் முகாமும் இதன் அமைப்பு. 'நான் அல்ல, நீ' என்னும் கருத்தமைந்த குறிக்கோள் உரையைக் கொண்டது. முகாமில் பத்துப் பேர் கொண்ட குழுவிற்கு ஒருவர் தலைவராக அமர்த்தப்படுவார். அவருக்கு அதிகாரம் ஏதுமில்லை. ஊதியம் தருவதற்கோ, தண்டனை விதிப்பதற்கோ அவரால் இயலாது. அதிகாலையில் எழ மறுக்கும் நண்பனை எழுப்பி, மண்வெட்டியைக் கையில் கொடுத்து, ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லவேண்டும். அதிகாரமின்றிப் பிறரை இணங்கவைக்கும் இக்கலையே நாளை ஊர்க்குழுவில் பயன்படுவது. ஊர்க்குழுத் தலைவருக்கும் அதிகாரம் ஏதுமில்லை அன்றோ?

இம்முகாமில் நம் பிள்ளைகளுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. இரவுணவு எட்டு மணிக்கு மேல் பரிமாறப்படும்; கதிரவன் மறையுமுன் உண்ணும் நியமம் உடைய மாணவர் என்செய்வார்? சிலர் நியமத்தைக் கைவிடுகின்றனர். சிலர் முகாமையே கைவிடுகின்றனர். இரண்டும் வேண்டா. முகாமிற்கு ஒரு வாரம் முன்னரே திட்ட அலுவலராகிய ஆசிரியரிடம் சென்று, "ஐயா, நான் மாலை ஆறு மணிக்குள் உண்ணும் வழக்கமுடையவன்; சமையல் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டால் என் உணவை நானே முன்னதாக எடுத்துக்கொள்வேன்; பிறர்க்குப் பரிமாறும் வேலையையும் நானே பார்த்துக்கொள்வேன்" என்று பணிவுடன் கூறினால், மறுக்கும் ஆசிரியர் அரியர். சலுகை கேட்பவர் ஒரு சுமையையும் உடன் ஏற்பதாகக் கூறுவதே இதன் நுட்பம். நோன்பிருக்கும் இசுலாமிய மாணவர் ஒருவர் அதே முகாமில் இருந்தால், அவருக்காகவும் பேசும் தகுதி இம்மாணவருக்கு வந்துவிடுகிறது. சிறுபான்மையினராகப் பிறந்தோர்க்கு இயல்பாக வாய்க்கும் தலைமைப் பயிற்சி இது.

தேர்தல் என்னும் இடறுகல்

பெற்றோர் அஞ்சுவது பெரும்பாலும் மாணவர் பேரவைத் தேர்தலை நினைத்தே. அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. கட்சிகளின் தலையீடும், பணச்செலவும், கைகலப்பும் கல்லூரித் தேர்தல்களில் புகுந்ததனாலேயே உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே. எம். லிங்டோ தலைமையில் குழு அமைக்கப்பெற்றது. அக்குழுவின் பரிந்துரைகளை 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-இல் உச்சநீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. போட்டியிடுவோர் 75 விழுக்காடு வருகைப்பதிவு உடையவராதல் வேண்டும். வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியவையே ஒட்டப்படவேண்டும். முடிவு அறிவித்த இரு வாரத்திற்குள் தணிக்கை செய்த கணக்கை ஒப்படைக்கவேண்டும். நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒருமுறையே போட்டியிடலாம் என்பன அவற்றுட் சில.

இவ்விதிகளைப் படிக்கும்போது நமக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது. செலவுக்கு எல்லை வகுத்தல், பொருளுக்கு வரம்பு கட்டும் பரிமித பரிக்கிரகம் என்னும் இல்லறத்தார் விரதத்தின் சாயலுடையது. ஒருமுறைக்கு மேல் பதவியில்லை என்பது பதவிப்பற்றை அறுப்பது. நீதிமன்றம் அவ்வாறு நினைத்து ஆணையிடவில்லை என்பது தெரிந்ததே. எனினும் நம் வீட்டுப் பிள்ளைக்கு இவ்விதிகள் அயலானவை அல்ல.

தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் தேர்தலின்றி, ஆசிரியர்களே மதிப்பெண்ணும் ஒழுக்கமும் நோக்கி நிர்வாகிகளை நியமிக்கும் வழக்கமும் உள்ளது. அது அமைதியானது, ஆயினும் அதில் ஒரு குறையுண்டு. நியமனம் பெற்றவர் தம்மை நியமித்த ஆசிரியரை நோக்கியே நடப்பார், உறுப்பினரை நோக்கமாட்டார். அத்தகைய கல்லூரியில் பயிலும் மாணவர், தாம் செயலாளராக நியமிக்கப்பெற்ற வாரத்திலேயே உறுப்பினர் கூட்டம் ஒன்றைக் கூட்டி, "இவ்வாண்டு என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிடுதல் நன்று.

கேட்டல்

தலைமைக்குரிய பண்பு யாது என்று மாணவரைக் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் 'பேச்சாற்றல்' என்பர். பட்டிமன்றமும் மேடைப்பேச்சும் தழைத்த தமிழ்நாட்டில் இவ்விடை வியப்பன்று. ஆயினும் நம் சமய மரபு இதனை வேறுவிதமாகக் காட்டுகிறது.

பகவான் மகாவீரர் கேவலஞானம் எய்திய பின்னரும் அறுபத்தாறு நாட்கள் திவ்யத்தொனி எழவில்லை என்பது திகம்பர மரபு. சமவசரணம் அமைந்திருந்தது, தேவரும் மக்களும் கூடியிருந்தனர். முற்றறிவும் இருந்தது. இல்லாதது, கேட்டுணர்ந்து பிறர்க்கு எடுத்துரைக்கும் தகுதியுடைய கணதரர் ஒருவரே. இந்திரபூதி கௌதமர் வாதிடும் எண்ணத்துடன் வந்து, மானஸ்தம்பத்தைக் கண்ட அளவில் செருக்கு நீங்கி, சீடராகி அமர்ந்த பின்னரே விபுலகிரியில் அறவுரை தொடங்கிற்று. பதினொரு கணதரருள் முதல்வரானவர் அவரே. கூட்டத்தில் எல்லோரையும்விட முதலில் கேட்கத் தெரிந்தவரே அக்கூட்டத்தின் முதல்வரானார் என்பதை மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். நம் ஜினாலயங்களின் முன்னே நிற்கும் மானஸ்தம்பத்தைச் சுற்றிவந்து வணங்குகிறோம். அதன் பெயரிலேயே 'மானம்' என்னும் செருக்கு இருப்பதை நினைப்பதில்லை.

சங்கக் கூட்டத்தில் இதனைக் கைக்கொள்ளும் வழி எளிது. தலைவர் தம் கருத்தை முதலில் கூறலாகாது. கூறிவிட்டால், ஒத்த கருத்துடையோர் தலையசைப்பர், மாறுபட்டோர் வாய்திறவார், கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், வேலை மட்டும் நடவாது. முதலாண்டு மாணவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவரையும் பேசச்சொல்லி, இறுதியாகத் தலைவர் பேசுவதே முறை.

இவ்விடத்தில் அநேகாந்தத்தைப் பற்றி ஒரு சொல். 'ஒவ்வொருவர் கூற்றிலும் ஓருண்மை உண்டு' என்று கூறி எல்லோரையும் மகிழ்வித்து, எம்முடிவும் எடாமல் கலைவதை அநேகாந்தம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. ஒரு பொருளை எந்த நோக்கில் பார்க்கிறோம் என்பதைத் தெளிவுறக் கூறுவதே நயவாதம். விழாவைச் சுருக்கமாக நடத்தவேண்டும் என்னும் பொருளாளர், கையிருப்பு என்னும் நோக்கில் பேசுகிறார். விரிவாக நடத்தவேண்டும் என்னும் கலைச்செயலாளர், வாய்ப்புக் கிட்டாத மாணவர் என்னும் நோக்கில் பேசுகிறார். இருவரையும் அவரவர் நோக்கை வெளிப்படையாகக் கூறச்செய்து, இவ்வாண்டிற்கு எந்நோக்கு முதன்மையானது என்று முடிவு செய்வது தலைவர் கடமை. முடிவு ஒன்றே, ஆனால் அது விலக்கிய கருத்தையும் அறிந்தே எடுக்கப்பட்ட முடிவு.

குறிப்பேடும் சமிதியும்

'சமிதி' என்னும் வடசொல்லுக்கு இரு வழக்குண்டு. கூடிப் பணிபுரியும் குழுவையும் அது குறிக்கும். நம் ஆகமங்களில் முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளையும் குறிக்கும். நடத்தல், பேசுதல், உணவேற்றல், பொருளை எடுத்துவைத்தல், கழிவகற்றல் ஆகிய ஐந்திலும் உயிர்க்குத் தீங்கு நேராவண்ணம் விழிப்புடன் ஒழுகுதலே அவை. குழு என்பதற்கும் கவனம் என்பதற்கும் ஒரே சொல் அமைந்தது நமக்கு வாய்ப்பாயிற்று. பாஷா சமிதி, பேச்சு நன்மை பயப்பதாகவும் அளவுடையதாகவும் ஐயத்திற்கு இடமற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதற்கு இதனினும் சிறந்த விதியை யாரும் வகுக்க இயலாது.

செயலாளர் பதவியை ஏற்கும் மாணவருள் பலர், கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதுகின்றனர். 'பல்வேறு பொருள்கள் விவாதிக்கப்பட்டன. நன்றியுரையுடன் கூட்டம் இனிது நிறைவுற்றது' என்று இரண்டு வரி. இது குறிப்பன்று, அலங்காரம். கீழ்வருமாறு எழுதிப் பழகுதல் வேண்டும்:

"பொருள் 3: ஆண்டு விழாவிற்கு ஒலிபெருக்கி அமர்த்துதல். வருகை 14 பேர். மூன்று விலைப்புள்ளிகள் வைக்கப்பெற்றன. குறைந்ததாகிய ரூ. 6,500-ஐ ஏற்கலாம் எனப் பொருளாளர் முன்மொழிய, இரண்டாமாண்டுப் பிரதிநிதி வழிமொழிந்தார். சென்ற ஆண்டு இவர்தம் கருவி இடையில் பழுதுற்றது என்று ஓர் உறுப்பினர் மறுத்துரைத்தார். ஆகவே முன்பணம் ரூ. 1,000 மட்டும் தந்து, எஞ்சிய தொகையை விழா முடிந்தபின் தருவதெனத் தீர்மானிக்கப்பெற்றது. ஆதரவு 11, எதிர்ப்பு 2, நடுநிலை 1. பொறுப்பு: பொருளாளர்."

மறுத்துரைத்தவரின் கருத்து இதில் பதிவாகியிருப்பதைக் காண்க. அவர் தோற்றார், எனினும் அவர் கூற்று முடிவைத் திருத்திற்று. தம் சொல் ஏட்டில் ஏறியது என்று காணும் உறுப்பினர் அடுத்த கூட்டத்திற்கும் வருவார். குறிப்பை அன்றிரவே எழுதி, அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் படித்து, கையொப்பம் பெறவேண்டும்.

இப்பழக்கம் பிற்காலத்தில் எத்துணைப் பயன்படும் என்பதற்குச் சட்டமே சான்று. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் ஒன்றைப் பதிவு செய்யலாம். மூவருக்குக் குறையாத நிர்வாகக் குழு வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூடவேண்டும். கணக்கு எழுதி வைத்தல் வேண்டும். ஊரில் இளைஞர் மன்றமோ, கல்வி உதவி நிதியோ தொடங்க விழைவோர்க்கு ஏழு பேரைச் சேர்ப்பது அரிதன்று. குறிப்பேட்டையும் கணக்கையும் விடாது எழுதும் ஒருவர் கிடைப்பதே அரிது.

போகிறபோக்கில் ஒன்று. ஐந்து சமிதிகளுள் பொருளை எடுத்துவைக்கும் சமிதி மாணவர் சங்கங்களுக்குப் பெரிதும் வேண்டப்படுவது. விழா முடிந்த மறுநாள் காலை வாடகை நாற்காலியை எண்ணித் திருப்பி அனுப்ப எத்தனை நிர்வாகிகள் வருகின்றனர் என்று பார்த்தாலே, அடுத்த ஆண்டுத் தலைவர் யார் என்பது விளங்கிவிடும்.

கணக்கில் பிழை நேர்ந்தால்

மாணவர் சங்கங்களில் நட்பு முறிவதற்குப் பணமே முதற்காரணம். பெரும்பாலும் அது களவன்று; கவனக்குறைவு. தம் கைப்பணத்தையும் சங்கப் பணத்தையும் ஒரே சட்டைப்பையில் வைத்துக்கொள்வதால் வருவது. ஆனால் சிலபோது உண்மையிலேயே ஒருவர் எடுத்துவிடுகிறார். அப்போது என்செய்வது?

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உபகூஹனம் என்பது ஒன்று. பிறர் குற்றத்தைப் பறைசாற்றாது மறைத்தல் என்பது அதன் பொருள். இதனைக் காட்டி, "நண்பன் செய்ததை மூடிவிடுவோம்" என்று கூறும் மாணவர் உண்டு. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்வுறுப்பிற்கு எடுத்துக்காட்டாக ஜினேந்திரபக்தர் என்னும் வணிகரைக் குறிக்கிறார். அவர் வரலாற்றை முழுதும் நோக்கவேண்டும். அவர் மாளிகையிலுள்ள பார்சுவநாதர் பிம்பத்தின் முக்குடையில் விலைமதிப்பற்ற வைடூரியம் இருந்தது. திருடன் ஒருவன் க்ஷுல்லகர் வேடத்தில் வந்து, நம்பிக்கை பெற்று, வணிகர் வெளியூர் புறப்பட்ட இரவில் அதனைக் கவர்ந்து ஓடினான். காவலர் துரத்த, அவன் வணிகரிடமே வந்து அடைக்கலம் புகுந்தான். வேடதாரி ஒருவனால் அறத்திற்குப் பழி வரலாகாது என்று எண்ணிய அவர், "நான் சொல்லித்தான் இவர் இம்மணியைக் கொணர்ந்தார்" என்று கூறிக் காவலரை அனுப்பிவிட்டார். நாம் வழக்கமாக இவ்வளவோடு நிறுத்திவிடுகிறோம். கதை இன்னும் இருக்கிறது. காவலர் சென்றபின் அவர் அத்திருடனைத் தனியே கடிந்து அங்கிருந்து அகற்றினார். மணியும் மீண்டது.

ஆகவே உபகூஹனம் மூன்று செயல் கொண்டது: இழிவை ஊரறியச் செய்யாமை, தனியே கடிதல், பொறுப்பிலிருந்து நீக்கல். முதலாவதை மட்டும் செய்து மற்றிரண்டை விடுவது உபகூஹனம் அன்று, உடந்தை. சங்கத்தில் தொகை குறைந்தது தெரிந்தால், தலைவரும் பொறுப்பாசிரியரும் அம்மாணவரைத் தனியே அழைத்துப் பேசி, தொகையைத் திரும்பப் பெற்று, கணக்கில் சரியாகப் பதிந்து, பதவியை வேறொருவரிடம் ஒப்படைக்கவேண்டும். விடுதி அறைகளில் அவர் பெயரை இழுத்துப் பேசலாகாது. ஏட்டில் கணக்கு மறையலாகாது. நாவில் பெயர் உலவலாகாது.

அவ்வாறு விலகியவரை அப்படியே விட்டுவிடுவதும் முறையன்று. எட்டு உறுப்புகளுள் அடுத்தது ஸ்திதிகரணம், வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்தல். சிரேணிக மன்னரின் மகனாகிய வாரிஷேண முனிவர், துறவு பூண்டும் பன்னிரண்டு ஆண்டுகளாக இல்லத்தையே நினைந்திருந்த தோழர் புஷ்பதாலரை ஏசவில்லை. தம் அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்துவந்தது எத்தகையது என்பதைக் கண்முன் காட்டினார். தோழர் நாணி, நிலைபெற்றார். பன்னிரண்டு ஆண்டு பொறுத்தவர் வாரிஷேணர். இரண்டு கூட்டத்திற்கு வராத உறுப்பினரின் பெயரை அடித்துவிடும் நம் செயலாளர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

பெண்மக்கள் பொறுப்பேற்றல்

நம் பெண்பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் மிகுதியாகப் பயில்கின்றனர், மதிப்பெண்ணிலும் முந்துகின்றனர். ஆயினும் சங்கப் பதவி என்று வரும்போது பெரும்பாலும் 'துணைச் செயலாளர்' என்பதோடு நின்றுவிடுகிறது. விழாவில் சந்தனமும் பூச்செண்டும் வழங்குவதும், குத்துவிளக்கருகில் நிற்பதும் அவர்க்குரிய பணியாக ஒதுக்கப்படுகின்றன. இது நம் மரபிற்கு ஒவ்வாதது என்று துணிந்து கூறலாம்.

வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் என்னும் ஊரின் கல்வெட்டை நோக்குக. முதலாம் ஆதித்த சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 885-இல், பொறிக்கப்பெற்றது அது. அக்காலத்தில் விடால் எனப்பெற்ற அவ்வூரில் குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியர் விளங்கினார். ஐந்நூறு மாணாக்கர்க்கும் நானூறு பெண் துறவியர்க்கும் இடையே பிணக்கு எழுந்தபோது, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் மண்ணில் பெண் ஒருவர் பெருங்கல்விக் கூட்டத்தின் தலைமையில் இருந்தார். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குரத்தியர் பலரின் பெயர்கள் காணப்படுகின்றன.

வேடல் கல்வெட்டில் பிறிதொரு செய்தியும் உள்ளது, பலர் கவனியாதது. மாணாக்கர் கூட்டத்தில் பிணக்கு எழுவது இன்று நேற்று வந்த கேடன்று. அறவோர் நடுவிலும் எழுந்தது. ஊரார் அப்பிணக்கைக் கண்டு, "பள்ளியை மூடுக" என்று கூறவில்லை. பொறுப்பை ஏற்றுக் கல்லில் எழுதிவைத்தனர். சங்கத்தில் சண்டை வந்தது என்று மகளைச் சங்கத்திலிருந்து நிறுத்திவிடும் தந்தையார், இவ்வூராரைப் பின்பற்றலாம். வீட்டிற்கு வந்து அழும் மகளிடம், "யார் என்ன சொன்னார்கள், நீ என்ன சொன்னாய், அடுத்த கூட்டம் எப்போது?" என்று கேட்டு, அடுத்த கூட்டத்திற்கு அனுப்பிவைத்தல் வேண்டும்.

ஆண்டு முடிவில்

மாணவர் சங்கத்திற்கே உரிய இயல்பு ஒன்றுண்டு. ஆண்டுதோறும் அதன் தலைமை மாறும். ஊர்க்குழுக்களில் இருபது ஆண்டு ஒருவரே இருப்பதைக் காண்கிறோம். கல்லூரியில் அது நடவாது. இதனைக் குறையென்று கருதாது, ஒப்படைக்கும் கலையைக் கற்க வாய்ப்பென்று கொள்ளவேண்டும். நம் ஊர்ப் பெரியோர் பலர் நேர்மையாளர். ஆயினும் கணக்கும் வழக்கும் அவர்தம் நினைவிலேயே இருக்க, அவர் மறைந்ததும் எந்நிலம் யாரிடம் குத்தகை என்பதே தெரியாமற் போவதுண்டு. ஒப்படைக்க யாரும் அவர்க்குக் கற்பிக்கவில்லை.

பதவிக்காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே அடுத்து வரக்கூடியவரை உடன் வைத்துக்கொள்ளத் தொடங்கவேண்டும். முதல் மாதம் நாம் செய்ய அவர் பார்க்கட்டும்; இரண்டாம் மாதம் அவர் செய்ய நாம் பார்ப்போம். பின்னர்க் குறிப்பேட்டின் இறுதிப் பக்கங்களில், வங்கிக் கணக்கின் இருப்பு, நிலுவையிலுள்ள ரசீதுகள், அரங்கத்திற்கு யாரிடம் எத்தனை நாள் முன்னர் விண்ணப்பிப்பது, சொன்ன விலைக்குச் சொன்ன நாளில் அச்சிட்டுத் தந்த அச்சகம், எந்த விழாவிற்கு எண்ணியதைவிடக் குறைவாகக் கூட்டம் வந்தது, அதன் காரணம் என்ன என்பனவற்றைத் தம் கையால் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும். வெற்றிகளை எழுதவேண்டியதில்லை, ஆண்டு மலரில் அவை நிழற்படத்துடன் வந்துவிடும்.

முன்னாள் தலைவர் இறுதியாண்டில் இருப்பாரேல், புதியவர் நடத்தும் கூட்டத்திற்குச் சாதாரண உறுப்பினராகச் சென்று பின்வரிசையில் அமரட்டும். "எங்கள் ஆண்டில் இப்படிச் செய்தோம்" என்னும் சொற்றொடரை, புதியவர் தாமே கேட்டாலொழிய, உரையாது இருக்கட்டும். கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, ஜினாலயக் கணக்கை எழுதும் பெரியவரிடம் சென்று, "தாத்தா, இவ்வாண்டுக் கணக்கை நான் படியெடுத்துத் தரட்டுமா?" என்று கேட்கட்டும். அவர் முதலில் ஐயத்துடன் நோக்கக்கூடும். இரண்டாம் நாள் பழைய ஏடுகளையும் எடுத்துத் தருவார்.